கணக்கை விட ஒரு சொட்டுத் தைலம்

பதினோராம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கிற நாளில் எல்லா அப்பாக்களுக்கும் திடீரென்று கட்டடக்கலை தெரிந்துவிடும். "கணக்கும் எடுத்துக்க, பயாலஜியும் எடுத்துக்க. ரெண்டு கதவும் திறந்தே இருக்கட்டும்" என்பார்கள். டாக்டர் கதவு ஒன்று, இன்ஜினியர் கதவு ஒன்று. இரண்டையும் திறந்து வைத்தால் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை காற்றில் பறந்துவிடும் என்பது மட்டும் ஏனோ அவர்களுக்குத் தோன்றாது.

நான் பறந்தது சமயபுரம் வரை.

எங்கள் வீடு திருவானைக்காவலில். அப்பா அங்கே மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கருகிப்போன பம்பு செட் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். கூடவே உபதேசமும் இலவசம். "லோடு தாங்குற அளவுக்குத்தாங்க ஓட்டணும். பேராசைப்பட்டா மோட்டார் காயிலு கருகத்தான் செய்யும்." வருகிற விவசாயிகளிடமெல்லாம் இதைச் சொல்வார். அதே வாயோடு வீட்டுக்கு வந்து, "நீட்டுக்கு ஒரு கோச்சிங், ஜே.இ.இ.க்கு ஒரு கோச்சிங். ரெண்டுலயும் போட்டுடுவோம்" என்பார். (மோட்டாருக்குக் கொடுத்த மரியாதையில் பாதி மகளுக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.)

பகலில் ஸ்ரீரங்கத்தில் பள்ளி. பள்ளி விட்டதும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கோச்சிங். அங்கிருந்து சமயபுரம் பஸ்ஸில் ஏறினால் வழியில் திருவானைக்காவலில் இறங்கிக்கொள்ளலாம். கண் விழித்திருந்தால். ஒரு சாயங்காலம் காவிரிப் பாலத்துக் காற்று முகத்தில் பட்டதுதான் தெரியும். அப்புறம் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

"பாப்பா, சமயபுரம் வந்தாச்சு. என்ன, வேண்டுதலா?"

மடியில் பயாலஜி புத்தகம். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் அச்சு. அப்பாவுக்குப் போன் போட்டேன். மொபெட்டில் பறந்து வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், முகமெல்லாம் பரவசம். "ஆத்தாவே கூப்பிட்டிருக்கா பாப்பா, வா" என்று நேராகச் சந்நிதிக்கு இழுத்துப் போனார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "தாயே, டாக்டரோ இன்ஜினியரோ, ரெண்டுல ஒன்னு. முடிஞ்சா ரெண்டும்!" என்று வேண்டினார். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான் வைத்த வேண்டுதல்: "தாயே, அவரு கடைசியா சொன்னதை மட்டும் காதுல வாங்காதீங்க."

மொபெட்டில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரு பாடத்தை விட்டே ஆக வேண்டும்.

எங்கள் பள்ளியில் அதற்கு வழி இருந்தது. ஐந்து பாடம் கட்டாயம். ஆறாவது, ஆசைப்பட்டவர்களுக்கு. ஆசை தீர்ந்துவிட்டால் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் வைஸ் பிரின்சிபால் மேடத்திடம் சொல்லி விட்டுவிடலாம். கணக்கையும் விடலாம், பயாலஜியையும் விடலாம். எதை விடுவது என்பதுதான் கேள்வி. அறிவுள்ள பெண்ணாக இருந்தால் தன் மார்க்கை எடுத்துப் பார்த்திருப்பாள். நான் பர்வீனைப் பார்த்தேன்.

பர்வீன் என் உயிர்த்தோழி, பாலக்கரைக்காரி. முந்தின வாரம்தான் கணக்கை விட்டிருந்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் முகத்தில் வந்த பொலிவு இருக்கிறதே, கல்யாணம் நிச்சயமானவர்களுக்குக்கூட அப்படி வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் கணக்கு வகுப்பில் வெந்துகொண்டிருக்கும்போது அவள் எதிரே கேன்டீனில் உட்கார்ந்து பப்ஸ் சாப்பிடுவாள். ஜன்னல் வழியே எங்களுக்குக் கையும் காட்டுவாள்.

"எப்படிடி விட்டாங்க?" என்றேன்.

"அழுதேன். அவ்வளவுதான். எங்க அத்தா கையெழுத்துகூட அப்புறம்தான் வாங்கினாங்க. வி.பி. மேடத்துக்கு அழுதா தாங்காது."

"எனக்கு அழுகை வராதேடி."

"வரவழை."

எனக்கு உண்மையிலேயே அழுகை வராது. பயந்தால் சிரிப்புதான் வரும். (இந்தக் குறை எனக்கு நேர்முகத் தேர்வுகளில் செய்த சேவையைத் தனியாக எழுதலாம்.) ஆகவே மறுநாள் அம்மாவின் தலைவலித் தைலத்தைப் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கண்ணுக்குக் கீழே லேசாகத் தடவினால் போதும் என்பது பர்வீனின் மருத்துவக் குறிப்பு. மேடத்தின் அறைக்கு வெளியே நின்று லேசாகத் தடவினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன். அப்போதும் வரவில்லை. சந்தேகம் வந்து, தைலம் இருந்த விரலாலேயே கண்ணைக் கசக்கிப் பார்த்தேன்.

வந்தது. காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வந்தது. கூடவே இரண்டு கண்ணிலும் யாரோ மிளகாய் அரைத்தார்கள். குருட்டாம்போக்கில் அறைக்குள் நுழைந்து, "மே ஐ கம் இன் மேம்" என்று உருக்கமாகக் கேட்டேன். பதில் பின்னாலிருந்து வந்தது. நான் அனுமதி கேட்டது இரும்பு பீரோவிடம்.

"யாரும்மா அது? திரும்பு. ஐயையோ, என்ன கண்ணு இப்படி செவந்திருக்கு?"

"மேம், கணக்கு…"

"மெட்ராஸ் ஐ! கிட்ட வராதே! எதையும் தொடாதே! அந்தப் பீரோவைத் தொட்டியா?"

"கணக்கை விடணும் மேம்…"

"பீரோவை விடும்மா முதல்ல!"

அடுத்த சில நிமிடங்களில் என் வகுப்பைக் காலிசெய்து மரத்தடிக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்குப் போன் போனது. என்னை யாரோ அளவுகோலின் நுனியால் முதுகில் தள்ளித் தள்ளியே நோயாளி அறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இத்தனைக்கும் நான் இன்னும் ஒரு பாடத்தைக்கூட விட்டிருக்கவில்லை.

அந்த அறையில் ஒரு கை என்னைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனது. தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தது. பிறகு கட்டிலில் உட்கார வைத்து, ஈரத்துணியைக் கண்மேல் போட்டது. "கண்ணைத் திறக்காதே. எரிச்சல் அடங்கட்டும்" என்று கரகரத்த ஒரு குரல், பாதிக்கு மேல் காற்று. எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்கு அப்போது ஓயாத சளி. அவர்தான் என்று நினைத்துவிட்டேன்.

"தைலம்தானே போட்டே? வாசனை வருது. எதுக்கு?"

அந்தக் குரலில் இருந்த பரிவில் நான் உருகிப்போனேன். "கணக்கை விடத்தான் ஆயாம்மா."

"ஏன், கணக்கு வரலையா?"

"கணக்கு வரும் ஆயாம்மா. பயாலஜிதான் வரல. கரப்பான்பூச்சி படம் போடும்போதே குமட்டுது. ஆனா பர்வீன் கணக்கைத்தானே விட்டிருக்கா? நானும் விட்டாத்தானே அவகூட கேன்டீன்ல உக்கார முடியும்?"

"ஓகோ."

"அதுவும் இல்லாம கணக்கு மிஸ் இருக்காங்களே, அவங்களைப் பார்த்தாலே பயமா இருக்கும். நாங்க என்ன பேரு வச்சிருக்கோம் தெரியுமா? சமயபுரம் போற வழியில இருக்கே, நம்பர் ஒன் டோல்கேட், அதான்!"

"எதுக்கு டோல்கேட்?"

"ஒருத்தரையும் சும்மா தாண்ட விடமாட்டாங்க ஆயாம்மா! கதவுகிட்டயே நிறுத்தி ஃபார்முலா கேப்பாங்க. அந்தக் கத்தல் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். ரெண்டு நாளா ஆளைக் காணோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சாம். சமயபுரத்தாளுக்குத்தான் நன்றி சொல்லணும்."

சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்தேன். துணி நழுவி மடியில் விழுந்தது. எரிச்சல் அடங்கியிருந்ததால் கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது கஞ்சி போட்ட காட்டன் புடவை. அப்புறம் ஒரு டம்ளர் வெந்நீர். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் விடைத்தாள் திருத்திய சிவப்பு மைக் கறை.

தொண்டை கட்டியவர்களுக்கும் பள்ளியில் ஒதுங்க இடம் நோயாளி அறைதான் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

எனக்குச் சிரிப்பு வந்தது. (முன்பே சொன்னேனே, பயந்தால்.)

சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடிவந்தார். பின்னாலேயே வி.பி. மேடம், முந்தானையால் மூக்கை மூடியபடி வாசலிலேயே நின்றார். கண்நோய்க்கு எதற்கு மூக்கை மூட வேண்டும் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

"மெட்ராஸ் ஐ இல்லை மேம். தைலம்" என்றார் கணக்கு மிஸ். டோல்கேட் விஷயத்தைச் சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, "சார், இவளுக்குக் கணக்கு நல்லா வருது. பயாலஜிதான் தாங்கல, கரப்பான்பூச்சி படத்துக்கே குமட்டுதாம். அதை விட்டுடலாம்" என்றார்.

"பயாலஜியா? அப்ப டாக்டருங்க?" அப்பாவின் குரல் கம்மிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் சிவந்த கண்களையே பார்த்தார். கடையில் கருகிய மோட்டாரைத் திறந்தவுடன் அப்படித்தான் பார்ப்பார்.

"லோடு ஜாஸ்தியா பாப்பா?"

"ஆமாப்பா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்குச் சமயபுரத்துல சொல்லலாம்னுதான் நெனச்சேன். நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

அப்பா வி.பி. மேடத்திடம் திரும்பி, "பயாலஜியை எடுத்துடுங்க மேடம். அந்த நீட்டு கோச்சிங்கையும் நிறுத்திடறேன்" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "கரப்பான்பூச்சிக்கா பயந்தே?" என்றார். எனக்கு முதல் முறையாகத் தைலமே இல்லாமல் அழுகை வந்தது. கண் ஏற்கெனவே சிவந்து ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

போகும்போது மிஸ் கூப்பிட்டார். "பயாலஜி பீரியட்ல இனிமே உனக்கு ஃப்ரீதானே? கேன்டீன் பக்கம் போகாதே. என்கிட்ட வந்து கணக்குப் போடு."

"தினமுமா மிஸ்?"

"டோல்கேட்ல யாரையும் சும்மா விடமாட்டாங்கன்னு தெரியும்ல?"

ஆக, கணக்கை விடப் போனவள் அந்த வருடம் முழுக்க இரண்டு பங்கு கணக்குப் போட்டேன். பப்ஸ் முழுவதையும் பர்வீனே சாப்பிட்டாள்.

இதெல்லாம் முடிந்து பல வருடமாகிவிட்டது. ஆனால் வீட்டில் என் கண்ணீருக்கு இருந்த மதிப்பு அன்றோடு போனது. ஜுரத்தில் அழுதாலும் சரி, வெங்காயம் நறுக்கினாலும் சரி, "அம்மா, தைலம் எங்க இருக்குன்னு பாரு" என்று என் அக்கா பவித்ரா குரல் கொடுப்பாள்.

போன வருடம் ஸ்ரீரங்கத்தில் எனக்குக் கல்யாணம். புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நேரம், மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா மட்டும் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு, நம்பலாமா வேண்டாமா என்கிற முகத்தோடு நின்றார். அக்கா என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் என் வலது கன்னத்தருகே மூக்கை வைத்து மோந்தாள். இடது கன்னத்தையும் மோந்தாள். மாப்பிள்ளை வீட்டார் விழித்துக்கொண்டு நிற்க, தூணைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"அப்பா, வாசனை இல்ல. நெசமாத்தான் அழுவுறா!"

அதற்குப் பிறகுதான் அப்பா அழ ஆரம்பித்தார்.