வெள்ளிப் பல்லிக்கு ஜோடி

பூவராகவன் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில்தான் உறுதியாக இருந்தான். பரணில் ஏறுவதில்லை.

மற்றபடி பொண்டாட்டி தீபிகா சொன்னால் கேட்பான். பால் வாங்கி வா என்றால் வாங்கி வருவான். பேசாமல் இரு என்றால் இருப்பான். பரண் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் அவனுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

பட்டுக் கடையில் அவன் சேல்ஸ்மேன். ஒரு சேலை வாங்க வந்தவர்களுக்கு ஐம்பது சேலை விரிப்பான், ஐம்பதையும் மடிப்பான். அதனால் வீட்டில் எதையும் எடுத்து வைக்கக் கை வராது என்பான். பரணிலோ அவன் அப்பா காலத்துத் தறியே பிரித்துப் போட்டுக் கிடந்தது. சேலையில் பூ விழத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டைகள், கிழிந்த பாய், இறக்கை இல்லாத ஃபேன், எல்லாவற்றுக்கும் மேலே தூசி. தூளி கட்டக் கொக்கி இருந்தது அந்தப் பரணுக்கு நேர் கீழேதான். எலி ஓடினால் குழந்தைமேல் தூசி கொட்டும். குழந்தை இருமும். டாக்டர் தூசி ஆகாது என்று சொல்லிவிட்டார்.

"ஏங்க, பாப்பா ராவெல்லாம் இருமிக்கினே இருக்குது. பரணைக் காலி பண்ணிடலாமா?"

"ஞாயித்துக்கெழமை."

"எந்த ஞாயித்துக்கெழமை?"

"வர்ற ஞாயித்துக்கெழமைதான். வராத ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருக்குதா?"

அவர்கள் வீட்டில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்றது ஒரு வாட்ஸ்அப் குரூப். பழைய சாமான் பார்த்து வயசு சொல்கிறவர்களின் குரூப். அதற்குத் தலைவர் இரும்புக் கடை குமாரவேல். அவர் வைத்ததுதான் சட்டம். மண் சாமானா? தட்டிப் பார். நனைத்து மோந்து பார். கடைசியாக நாக்கில் வைத்துப் பார். ஒட்டினால் பழசு.

பூவராகவன் வீட்டு உப்பு ஜாடியை நக்கினான். பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை நக்கினான். டீக்கடையில் மண் கோப்பையை டீ தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டிருந்தான். கடைக்காரர் பாவம் பார்த்து இன்னொரு டீ சும்மா கொடுத்து அனுப்பினார்.

காஞ்சிபுரத்தில் கருட சேவை முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம். ஒரு காலையில் தீபிகா முந்தானையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, பரண்லேர்ந்து இது விழுந்துச்சு. நல்ல வேளை, பாப்பா மேல விழல. குப்பையில போட்டுடவா?"

உள்ளங்கை அகலத்தில் சுட்ட மண் வில்லை. நடுவில் புடைப்பாக ஒரு பல்லி. அதன் தலைக்கு மேல் பிறை நிலா. வெள்ளிப் பூச்சு அங்கங்கே மினுக்கியது. பல்லியின் முதுகு தேய்ந்து வழவழவென்றிருந்தது.

பூவராகவன் டிபன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். தட்டினான். நனைத்தான். மோந்தான். நாக்கில் வைத்தான்.

"ஒட்டுது தீபிகா! ஒட்டுது! ஆனா லேசா புளிக்குது."

"பழசாச்சுன்னா புளிக்காதா? மாவே புளிக்குது."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது.

"இது பல்லவர் காலம்."

"பின்னாடி ஆணியில மாட்ட ஓட்டை இருக்குதே. பல்லவர் வீட்டுல செவுத்துல ஆணி அடிச்சாங்களா?"

"சரி, விஜயநகரம்."

"இந்த வெள்ளிப் பெயிண்ட்டு?"

"நவாபு காலம்னு வெச்சுக்கயேன்."

"இப்பதான் நம்ம மளிகைக் கடையில டப்பாவுல பாத்த மாதிரி இருக்குதே, இந்த நெலா."

"வெள்ளைக்காரன் காலம்! இதுக்குக் கீழ எறங்க மாட்டேன். ஃபிக்ஸட் ரேட்டு!"

"நானு ஒண்ணும் கேக்கலப்பா. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா போன மாசத்துக்கு வந்துடுவீங்க போல."

வயசு முடிந்தது. அடுத்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதையும் நின்ற இடத்திலேயே சொன்னான். "பெருமாளைச் சேவிக்க வண்டி கட்டிக்கினு வந்த சனங்க வாங்கினு போனது. வீட்டுல மேல பல்லி விழுந்துச்சுன்னா ஒடனே கோயிலுக்கு ஓடியாற முடியுமா? இதைத் தொட்டுக் கும்பிட்டுக்குவாங்க. முதுகு தேஞ்சிருக்குது பாரு. எத்தனை கை பட்டிருக்கணும்!"

"எத்தனை கையோ," என்று தீபிகா தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

படம் எடுத்துக் குரூப்பில் போடப் போனவன் சட்டென்று நின்றான். குமாரவேல் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. சாமி சம்பந்தப்பட்ட மண் சாமான் ஜோடியாக இருந்தால்தான் மதிப்பு. ஒத்தையாக இருந்தால் வெறும் ஓடு. இதற்கு ஜோடி எது என்று காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? வரதராஜப் பெருமாள் கோயிலில் வெள்ளிப் பல்லி இருந்தால் பக்கத்தில் தங்கப் பல்லி. சந்திரன் இருந்தால் சூரியன்.

"தீபிகா, தங்கப் பல்லி எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? இது பரண்லேர்ந்துதானே விழுந்துச்சு." பரணை அண்ணாந்து பார்த்தாள். "வேணாங்க. உங்களுக்கு முழங்கால் வலி. தூசி வேற. வுடுங்க."

வேணாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம். லுங்கியை மடித்துக் கட்டினான். பக்கத்து வீட்டு ஏணி வந்தது.

தறிக்கட்டை இறங்கியது. பாய் இறங்கியது. ஃபேன் இறங்கியது. ஜக்கார்டு அட்டையை ஒவ்வொன்றாக உதறினான். இடுக்கில் பல்லி மாட்டியிருக்கலாம் அல்லவா? உயிருள்ள பல்லி ஒன்று மாட்டியிருந்தது. அது அவன் தோளில் விழுந்து ஓடியது. கோயிலுக்குப் போக நேரமில்லை. வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"உடைஞ்சு துண்டு துண்டா கெடந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆமால்ல! சல்லடை குடு."

தூசியைச் சலித்தான். சலித்த தூசியை மூட்டை கட்டி வெளியே போட்டான்.

"பரண் பலகை இடுக்குல போயிருந்தா தெரியாதே. ஈரத் துணியால தொடைச்சாதான் பளிச்சுனு தெரியும்."

துடைத்தான். ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் பரண் பளபளத்தது. அவன்தான் பரண் நிறத்துக்கு வந்திருந்தான். பழைய சாமான்காரன் தெருவோடு போக, தறிக்கட்டை தவிர எல்லாவற்றையும் தீபிகா ஏற்றி அனுப்பினாள். தூளியில் குழந்தை இருமாமல் தூங்கியது. அதை அவன் கவனிக்கவில்லை. அவன் துக்கம் அவனுக்கு.

இனி ரகசியம் வைத்துப் பலனில்லை. அடுத்த தெரு முனிரத்தினம் குரூப்பில் கொஞ்சம் நல்ல மனுஷர். அவருக்கு மட்டும் படத்தை அனுப்பி, இதற்கு ஜோடி எங்காவது கண்ணில் பட்டதா என்று கேட்டான்.

பதில் வரவில்லை. முனிரத்தினமே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. மீசையில் தூசி. மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் எடுத்துப் பிரித்தார். பின்னாலேயே அவர் மனைவி லோகாம்பாளும் வந்தாள். வந்தவள் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பொட்டலத்தில் தங்கப் பல்லி. மேலே சூரியன். வால் மட்டும் பாதி இல்லை.

"எங்கண்ணா கெடைச்சுது?"

"எங்க வூட்டு பரண்லேர்ந்து விழுந்துச்சுப்பா. வெள்ளிப் பல்லியைத் தேடிக்கினு நாளெல்லாம் பரண்லதான் கெடக்குறேன். வாலைப் பாத்தியா? படையெடுப்புல உடைஞ்சிருக்கணும்."

இருவரும் பல்லிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பூவராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் காலத்தில் பிரிந்த ஜோடியோ! திருப்பிப் பார்த்தார்கள். ஒரே அச்சு. ஒரே ஓட்டை. ஒரே சூளை.

"ஒரே வாரத்துல ரெண்டு வூட்டு பரண்லேர்ந்தும் விழுந்திருக்குது பாரு. பெருமாள் சித்தம்," என்றார் முனிரத்தினம்.

"எதுக்கும் நாக்குல வெச்சுப் பாத்துடலாம்ண்ணா."

ஆளுக்கொன்றை நாக்கில் வைத்தார்கள்.

"தம்பி, உன்னுது புளிக்குதா?"

"புளிக்குதுண்ணா. உங்களுது?"

"புளிக்குது."

இருவரும் பல்லிகளைக் கீழே வைத்தார்கள். அடுப்படிப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"உன்னுது எப்பிடி தீபிகா அவ்ளோ வழவழன்னு வந்துச்சு?"

"துணி துவைக்கிற கல்லுல தேச்சேங்க்கா. அப்புறமா புளித்தண்ணியில ஊற வெச்சேன்."

"நானு அவசரப்பட்டு வாலை உடைச்சுட்டேன். அதுக்கு அந்த மனுசன் படையெடுப்புன்னுட்டாரு. நல்ல வேளை, சன்னதித் தெரு கடையில ஜோடியா வாங்கி ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கினோம்."

பூவராகவன் முனிரத்தினத்தைப் பார்த்தான். முனிரத்தினம் சுத்தமான பரணைப் பார்த்தார்.

"குரூப்புல..." என்று ஆரம்பித்தான்.

"மூச்சு வுடக் கூடாது," என்றார் அவர்.

தீபிகா காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பல்லிகளையும் முந்தானையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். லோகாம்பாள் முன்னாலேயே வாசலில் நின்றாள்.

"அதையாச்சும் வெச்சுட்டுப் போயேன், ஞாபகத்துக்கு," என்றான் பூவராகவன். "எங்க எடுத்துனு போறே?"

"குமாரவேல் அண்ணன் வூட்டுக்குத்தான். அவங்க வூட்ல கெணறு தூர் வாரி ரொம்ப நாளாச்சாம்."