விக்கிரவாண்டியில் இறங்கிய தாள்

ரொம்பச் சுத்தம் பார்க்கிறவனிடம் அலமாரிச் சாவியைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு பேராசிரியரிடம் தற்காலிகப் பியூனாக இருந்தேன். எட்டாவது ஃபெயில். வல்லம் பக்கம் ஊர். மீன் பார்த்திருக்கிறேன் (குழம்பில்).

அவர் கடல் உயிர்களுக்குப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார். மீன், நண்டு, சங்கு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள். வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராசிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து, எந்தப் பெயர் சரி என்று முடிவு செய்வார்கள். தள்ளிய பெயருக்குச் சிவப்புக் கோடு.

"இந்த வாட்டி அவுங்க வந்து போனதும் உன்ன பர்மனென்ட் பண்ணிடலாம். அலமாரிய சுத்தமா வையி" என்றார் பேராசிரியர்.

வைத்தேன். சிவப்புக் கோடு என்றால் தப்பு. என் பரீட்சைத் தாள்களில் நிறையப் பார்த்தவன் நான். அவர்கள் வரும் நாள் காலையில் கோடு போட்டதையெல்லாம் உருவி, பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்கும் கன்னியம்மா அக்காவுக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிபுணர்கள் வந்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள்.

"பழைய பேருங்க எங்கய்யா?" என்றார் மூவரில் பெரியவர்.

"தப்பானது சார். எடுத்துட்டேன்."

பேராசிரியர் முகம் வெளுத்தது. "அடப்பாவி! பழைய பேர வெச்சிக்கினு தேடுறவனுக்குப் புதுப் பேர் எதுன்னு அந்தத் தாள்தான்டா சொல்லும். அது இல்லன்னா நாப்பது வருஷப் புஸ்தகத்துல இருக்கிற மீனெல்லாம் காணாமப் பூடும்!"

ஓடினேன்.

"பாதிக் கட்டு கீது. மீதி, அதோ விழுப்புரம் பஸ்ஸுல குந்திக்கினு துன்னுதுங்க" என்றார் அக்கா. பஸ் நகர்ந்தது. கட்டை வாங்கிக்கொண்டு தொற்றினேன்.

"பொட்டலத்த குடுங்க."

"மல்லாட்டையவா?"

"தாள மட்டும்."

ஒரு அம்மா மடியில் கொட்டிக்கொண்டு கொடுத்தது. "பாவம், இன்னா கஷ்டமோ" என்றது. முன்சீட்டில் ஒரு மீசைக்காரர், "துன்னு முடிச்சிட்டுத் தரேன். கம்முனு குந்து" என்றார். ஒவ்வொன்றாக உரித்தார். நான் பின்சீட்டில் வசூல் செய்துகொண்டிருந்தபோது, விக்கிரவாண்டியில் பொட்டலத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

விழுப்புரம் போய் வேறு பஸ் பிடித்துத் திரும்பினேன். உப்புத் தண்ணீரில் ஊறிய தாள்களை மேஜையில் பரப்பினேன். பெரியவர் எண்ணினார்.

"ஒன்னு கொறையுதே?"

"விக்கிரவாண்டில எறங்கிடுச்சு சார்."

பெரியவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். புதுத் தாள் எடுத்து, அந்தப் பழைய பெயரை ஞாபகத்திலிருந்து எழுதினார். ஓரத்தில், "முந்தைய தாள் விக்கிரவாண்டியில் இறங்கிவிட்டது" என்று குறித்தார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பர்மனென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதுவரை சாவி பேராசிரியர் பையில்.

இன்றும் வீட்டுக்கு மல்லாட்டை வாங்கி வந்தால் யாரும் உடனே தின்பதில்லை. என் மனைவி பொட்டலத்தைத் தட்டில் கொட்டி, தாளை விரித்து, இரண்டு பக்கமும் பார்ப்பாள்.

"மீனு எதுவும் இல்ல. துன்னுங்க."