மஞ்சள் டீ-ஷர்ட்

"என் மஞ்சள் டீ-ஷர்ட் எங்கடி?"

"பாப்பா இடுப்புல."

லேபிள்காரர் திரும்பிப் பார்த்தார். ஷாம்பூ கம்பெனியில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். எட்டு மாதக் குழந்தை கட்டிலடியில் தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் கம்பெனியின் சின்னம் பளிச்சென்று தெரிந்தது.

"வெட்டிட்டியா?"

"பழசுதானேங்க. முன்பக்கத்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணு, ரெண்டு கால்சட்டை வந்துச்சு. கைத்துணி இடுப்புப் பட்டிக்கு ஆச்சு. துணி என்னமா இழுத்துக் கொடுக்குது தெரியுமா?"

மனைவியைத் திட்டவும் முடியவில்லை. கடையில் குழந்தைத் துணி வாங்க வக்கில்லாத வீடு. ஆனால் சற்று முன்புதான் போனில் செய்தி வந்திருந்தது: நாளை காலை முதலாளி வருகிறார், பத்து ஆண்டு முடித்ததற்காக மஞ்சள் டீ-ஷர்ட் பெற்றவர்கள், அடையாளம் தெரியும்படி அதை அணிந்து வரவும். சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. முதலாளி கண்ணில் பட இதைவிட்டால் வேறு வழி ஏது?

"பிரிச்சு மறுபடி டீ-ஷர்ட்டாவே தெச்சுக் கொடு."

"நடுவுல கால் வளைவு வெட்டியாச்சுங்க. உங்க தொப்பை அந்த வழியா எட்டிப் பாக்கும்."

அப்போதுதான் மூடிக்காரர் நினைவு வந்தது. பக்கத்து மெஷினில் பாட்டில் மூடி திருகுகிறவர். அவரிடமும் மஞ்சள் டீ-ஷர்ட் உண்டு. அவருடைய போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போய்விட்டது, செய்தி வந்திருக்காது. லேபிள்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணே, பாப்பாவுக்குக் கால்சட்டை தைக்கப் பழைய டீ-ஷர்ட் இருக்கா? அந்த மஞ்சள்னா நல்லா இருக்கும்."

"குழந்தைக்குன்னா கேக்கணுமா தம்பி?" மூடிக்காரர் மடித்தே எடுத்துவந்து கொடுத்தார். "கம்பெனியில ஏதும் விசேஷம் உண்டா?"

"ஒண்ணுமில்லைண்ணே."

வழி நெடுக லேபிள்காரருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்காகத் திரும்பிப் போய்விடவில்லை.

டீ-ஷர்ட்டை நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் மனைவி கையில் கத்தரிக்கோல்.

"அடிப்பாவி! என்ன பண்றே?"

"மூடிக்காரர் வீட்டக்கா பக்கத்து வீட்டு போன்லேர்ந்து கூப்பிட்டாங்க. பாப்பாவுக்குன்னு குடுத்தது, கொஞ்சம் பெருசாவே தெச்சுப் போடுன்னாங்க. அதுக்குத்தானே வாங்கிட்டு வந்தீங்க?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். லேபிள்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"அவருகிட்டச் சொல்லலையா?"

"சொன்னா குடுப்பாரா?"

மனைவி தையல் மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூடிக்காரர் டீ-ஷர்ட்டின் முன்பக்கம் பாழாகிவிட்டது. முதல் டீ-ஷர்ட்டில் வந்த கால்சட்டைகளைப் பிரித்து அந்த இடத்தில் ஒட்டுப்போட்டாள். நெஞ்சுக்குச் சின்னம் வேண்டும். குழந்தையின் இடுப்பிலிருந்ததைக் கழற்றியபோது அது வீறிட்டு அழுதது.

"அதுக்காவது புரியுது," என்றாள்.

காலையில் தொழிற்சாலை வாசலில் மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் கூட்டமாக நின்றன. லேபிள்காரர் விலாத் தையல் தெரியாமல் இருக்கக் கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். மூடிக்காரர் கட்டம்போட்ட சட்டையில் மிரண்டுபோய் வந்தார்.

"என்ன தம்பி, எல்லாரும் மஞ்சள்ல வந்திருக்கீங்க?"

"தெரியலையேண்ணே."

"பாப்பாவுக்குச் சரியா இருந்துச்சா?"

"கச்சிதமா இருந்துச்சுண்ணே."

மூடிக்காரரின் பார்வை அந்த ஒட்டுத் தையலில் போய் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. நகர்ந்து ஓரமாக நின்றார். பத்து வருஷம் பக்கத்து மெஷினில் நின்ற மனிதர். சூப்பர்வைசர் ஆனதும் அவருக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று லேபிள்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

வாட்ச்மேன் கதவைப் பாதி திறந்து, ஒரு அட்டைப்பெட்டியை வெளியே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்:

"மஞ்சள் டீ-ஷர்ட் போட்டவங்கல்லாம் அடையாள அட்டையை இதுல போட்டுட்டு, கணக்கு முடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம், மத்தவங்க உள்ள வந்து மெஷினைப் போடுங்க!"