உட்கார்ந்துவிட்ட வண்டியும் ஒற்றைச் செருப்பும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் அங்கே நலமாக இருப்பீர்கள். நலமில்லாதது உங்கள் வண்டி ஒன்றுதான். போனில் சொன்னால் நடுநடுவே ‘ஐயோ’ என்பீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வெளிநாடு கிளம்பியபோது உங்கள் அப்பா, வண்டி தன் ஷெட்டில் நிற்கட்டும் என்றார். நான்தான் விடவில்லை. “சம்பந்தி, மாப்பிள்ளை வண்டி எங்க வீட்ல ராஜா மாதிரி இருக்கும்” என்று சபையில் சொன்னேன். ராஜா படுத்துவிட்டார். ராத்திரி நேராக நிற்கும் வண்டி, காலையில் பின்பக்கம் வலதுபுறமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ், இரும்பு ஸ்பிரிங்கில் நிற்காமல் காற்றடைத்த நாலு ரப்பர் பலூன்கள்மேல் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். “மாமா, ரிப்பேர்னா நீங்க கை வைக்க வேண்டாம், ஒர்க்‌ஷாப்ல விட்டுடுங்க” என்று கிளம்பும்போதே சொன்னீர்கள். ஒர்க்‌ஷாப்காரர் உங்கள் அப்பாவோடு தினமும் வாக்கிங் போகிறவர். விஷயம் அன்றைக்கே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தவிர, காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் காற்றழுத்தப் பாடம் நடத்திய ஒருவனிடம் காற்றில் கை வைக்காதே என்றால் மனசு கேட்குமா?

கசிவைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் அடிக்க வேண்டும் என்றார்கள். நான் தாராளமாகவே கலந்துவிட்டேன். வண்டி முழுக்க நுரை, எந்த நுரை கசிவு, எந்த நுரை சோப்பு என்றே தெரியவில்லை. பாத்திரம் கழுவ ஒரு சொட்டு மிச்சமில்லை என்று உங்கள் அத்தை எனக்குப் பேப்பர் தட்டில் சோறு போட்டாள். மறுபடி அளவாகக் கலந்து அடித்ததில் பின் பலூனின் மடிப்பில் குமிழ் வந்தது. புதுப் பலூன் வரவழைத்து, ஜாக்கி போட்டு, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி வேலையில் இறங்கினேன். நான் கீழே, உங்கள் அத்தை மேலே டிரைவர் சீட்டில். வண்டியோடு வந்த புத்தகத்தை அவள் படிப்பது எனக்குக் கேட்க வேண்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டோம். முதல் பக்கத்து எச்சரிக்கையில் ஆரம்பித்தாள். அதெல்லாம் விவரம் இல்லாதவங்களுக்கு, தாண்டிப் போ என்றேன். வண்டி வேறு ‘டிங் டிங்’ என்று ஓயாமல் நச்சரித்தது. அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். உள்விளக்கும் அணைய மாட்டேன் என்றது. ஒயரிங்கும் போச்சு என்று முடிவு கட்டி பல்பையும் கழற்றினேன்.

எல்லாம் பூட்டி, ஜாக்கியை எடுத்து, இன்ஜினைப் போடச் சொன்னேன். எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? பின்பக்கம் அப்படியே தரையோடு உட்கார்ந்துவிட்டது, அதுவும் என் இடது செருப்புமேல். என் கட்டளை காதில் விழவேண்டுமே என்று உங்கள் அத்தை கதவைச் சாத்தாமல் எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணினாலும் அசையவில்லை. தெருமுனைப் பட்டறைக்காரரை, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டி வந்தேன். அவரும் திறந்த கதவில் ஒரு காலை ஊன்றி ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பலூன் சங்காத்தமே வேணாம் சார். நாலு பக்கமும் இரும்பு ஸ்பிரிங் போட்டுடலாம். தூக்கித் தூக்கிப் போடும், ஆனா உக்காராது” என்றார். வண்டி கேட்டை அடைத்துக்கொண்டு கிடப்பதால் மாடி வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் வெளியே போக முடியவில்லை. மனுஷன் தினமும் எனக்கு வணக்கம் வைத்துவிட்டு பஸ்ஸில் போகிறார். திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

ஆகவே நாளைக்கு இரும்பு ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அடுத்த மாதம் நீங்கள் வந்து இறங்கும்போது வண்டி நிற்கும், உள்ளே இருப்பவர்கள்தான் கொஞ்சம் குதிப்பார்கள். மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம்பி விட்டுவிட்டுப் போனீர்கள், காப்பாற்றத் தெரியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், உங்கள் அப்பா காதுக்கு மட்டும் இது போகவே கூடாது.

மகளுக்கு எங்கள் ஆசி. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, மேடு பள்ளம் இல்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அப்பா வந்து நின்றார். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாமே என்று உங்கள் அத்தை இன்ஜினையும் ஏசியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “கதவைத் திறந்து வச்சுட்டு ஏசி ஓடுதே, டீசல் என்ன சும்மாவா வருது?” என்று அவர் கதவைச் சாத்தினார். வண்டி புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு எழுந்து, நேராக நின்றது. கதவு திறந்திருந்தால் எழும்பாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதாம், நான்தான் தாண்டச் சொன்னேனாம். பலூன் மாற்றியது நான், மாப்பிள்ளை, இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி, கதவைச் சாத்திய கையை மாடி வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டிவிட்டு, நீங்கள் வரும்வரை வண்டி தன் ஷெட்டிலேயே நிற்கட்டும் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார். செருப்பு கிடைத்துவிட்டது.