பசளை நானாவும் பட்டினிப் பாத்தியும்

இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் சல்லடை போட்டுத் தேடினாலும், இரக்கப்பட்டே விஞ்ஞானத்தைக் கெடுத்தவர் என்று எங்கள் பசளை நானாவைத் தவிர இன்னொருவர் அகப்படமாட்டார்.

கடலுக்கும் களப்புக்கும் நடுவே, மணலைத் தவிர வேறெதுவும் விளையாது என்று பார்ப்பவர் நினைக்கிற இடத்தில்தான் எங்கள் விவசாய பீடம். ஜன்னலைத் திறந்தால் விரிவுரைக் குறிப்புகள் பறக்கும். மூடினால் நாங்கள் அவிந்துபோவோம். கழுதைகள் எங்களைவிட ஒழுங்காக வளாகத்துக்கு வரும். அந்த இடத்தைப் பச்சையாக வைத்திருந்தவர், தோட்டத் தொழிலாளியான பசளை நானா. உரவாளியும் கையுமாகத் திரிந்ததால் பசளை, எல்லோருக்கும் அண்ணன் என்பதால் நானா.

வருகிற பிரமுகர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நட்டு, பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கன்று பட்டுப்போனால் நானா பலகையைப் பிடுங்கி, உயிரோடிருக்கும் ஏதாவது மரத்தில் மாட்டிவிடுவார். நான் சேர்ந்த வருடம் ஒரே வேம்பில் மூன்று பிரமுகர்கள் தொங்கினார்கள்.

"என்ன நானா இது?" என்று கேட்டால், "திரும்பி வந்து பாத்தா அவங்கட மனசு நோவும்தானே" என்பார்.

பரீட்சை நாட்களில் காற்று குளிர்ந்து வரட்டும் என்று மண்டபத்து ஜன்னல்களுக்கு வெளியே மணல் முழுக்கத் தண்ணீர் அடிப்பார். ஒருமுறை குழாய் கைதவறி, ஜன்னலோரம் இருந்த நாலு பேரின் விடைத்தாள்கள் நனைந்தன. அந்த நாலு பேரும் பாஸ். நனையாத நான் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினேன்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் என் இறுதி வருட ஆராய்ச்சி வந்து விழுந்தது. கடற்பாசிப் பசளை மிளகாய்க்கு உதவுமா என்பது கேள்வி. நாலு பாத்தி. மூன்றுக்கு வெவ்வேறு அளவில் பசளை. நாலாவதுக்கு வெறும் தண்ணீர். ஒன்றும் போடாத பாத்தி ஒன்று இருந்தால்தானே போட்டதன் பலன் தெரியும்? இதை நானாவுக்கு இரண்டு தடவை விளக்கினேன். இரண்டு தடவையும் தலையாட்டினார்.

ஏழாவது கிழமை போய் அளந்தால், நாலாம் பாத்தி மற்ற மூன்றையும்விட உயரமாக, காய் தொங்கத் தொங்க நிற்கிறது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப உங்கட பசளை செடிக்கு நஞ்சு எண்டு எழுதுங்கோ" என்றார்.

மறுநாள் காலை வெள்ளெனப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். நானா ஒரு வாளி ஆட்டுப் புழுக்கையோடு வந்தார். நாலாம் பாத்திக்கு மட்டும், பிள்ளைக்கு ஊட்டுவது போல, செடி செடியாக வைத்தார்.

"நானா! என்ன செய்றீங்க?"

வாளியை அவர் கீழே வைக்கவில்லை. "மூணு புள்ளைக்கிச் சோறு போட்டுட்டு ஒண்ட மட்டும் பட்டினி போடுறீங்க. நோன்பெண்டாலும் பொழுதுபட்டா மஃரிபுக்குத் தொறக்கலாம். இதுக்கு எப்ப தங்கச்சி நோன்பு தொறக்கிற?"

"இது ஆராய்ச்சி நானா!"

"ஆராய்ச்சி எண்டா பாவமில்லையா?"

அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டும். அறிக்கை கொடுக்கும் நாளுக்குள் ஒரேயொரு போகம்தான் மிச்சம். அதுவும் கெட்டால், என் கூட்டாளிமார் பட்டம் வாங்குவதை நான் பார்வையாளர் கதிரையில் இருந்து பார்க்க வேண்டியதுதான். ஆறுதலுக்கு, எங்கள் ஊரான எத்தாளையில் மிளகாய் செய்கிற என் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். "கொச்சிக்காக்குப் பசள போடாமப் பாக்கவா கெம்பஸ் போன?" என்று அவரும் நானா பக்கம் சாய்ந்துவிட்டார்.

என் அழுகை நானாவை உலுக்கிவிட்டது. அன்றே மேடத்திடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். "என்னய வாசல் காவலுக்குப் போடுங்க மேடம். கண்ணால கண்டா கை சும்மா இரிக்காது" என்று தானே வேலையை மாற்றிக் கேட்டார். அந்தப் போகம் முழுக்க வாசலில் நின்றார். பள்ளிவாசலுக்குப் போகும்போதுகூடப் பாத்திகள் கண்ணில் படாமல் விடுதியைச் சுற்றிக்கொண்டு போனார். என்னைக் கண்டால் மட்டும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆளை விசாரிப்பது போல மெல்லக் கேட்பார்.

"நாலாவதுட நெலம எப்பிடி?"

"நல்லா மஞ்சளாகிட்டு நானா!" என்று நான் சந்தோஷமாகச் சொல்வேன். அவர் முகம் வாடிவிடும்.

இம்முறை எல்லாம் ஒழுங்காக வந்தது. மூன்று பாத்திகள் செழித்தன. நாலாவது சோகை பிடித்து நின்றது. என் பட்டம் பிழைத்தது. அறிக்கையின் முன்பக்கத்து நன்றியுரையை எழுத உட்கார்ந்தேன். துணைவேந்தர், பீடாதிபதி, மேடம் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். மனம் மட்டும் நானாவிடமே நின்றது. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"நானா, உங்கட முழுப் பேரச் சொல்லுங்க. புத்தகத்தில நன்றி போடப் போறேன்."

"என்ட பேர் எதுக்கு? நான் கெடுத்த ஆள்தானே." பாத்திகள் இருந்த திசையைக் கையால் காட்டினார். "நாலாம் பாத்திட பேரப் போடுங்க தங்கச்சி. ஒங்களுக்காகப் பட்டினி கெடந்தது அதுதான்."

அப்படியே போட்டேன். பெரியவர்களுக்கெல்லாம் அடுத்ததாக, 'நாலாம் பாத்திக்கும் என் நன்றி' என்று. மேடம் அதை வெட்டவில்லை. நூலகத்தில் அதைப் புரட்டுகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானாவையும் அந்த மணல் வளாகத்தையும் நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொல்ல, எனக்கு அதைவிட நல்ல வரி இன்றைக்கும் எழுத வரவில்லை.