தத்துவம், நான்காம் தொகுதி

மேலகரம்,
5-7-1962

மரியாதைக்குரிய அத்தான் சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை ஞானசம்பந்தம் வணங்கி எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சாரல் சுகம், அருவி சுகம், சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். உங்கள் தங்கை குழல்வாய்மொழி கடையத்தில் சிநேகிதி வீட்டுக் கல்யாண வேலைக்கு என்று போய் மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். அதற்குள் நீங்கள் கைகொடுக்காவிட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

நடந்ததைச் சொல்லுகிறேன். பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து வைக்கிற வழக்கம் உங்கள் தங்கைக்கு உண்டென்பது தாங்கள் அறிந்ததே. அப்படி ஒன்று எங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. "அந்த மேல்தட்டு புஸ்தகத்த மட்டும் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். தொட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் இந்த வருஷம் சாரல் ஓங்கிப் பிடித்து, ஓடு ஒழுகி, சரியாக அந்தக் கதையின் தலையில் சொட்டிவிட்டது. நூல் இற்றுப்போய்த் தாள் தாளாகக் கையோடு வந்தது. சும்மா காயவைத்து வைத்திருக்கலாம். எனக்குத்தான் பாசம் பொங்கிவிட்டதே. அவள் வரும்போது பளபளவென்று பைண்டு செய்து கையில் கொடுத்து அசத்துவோம் என்று, எங்கள் கல்லூரி நூலகத்துக்கு பைண்டு வேலை பார்க்கும் ஆதம் பாயிடம் கொடுத்தேன். அந்தச் சமயம் பார்த்து, கல்லூரியின் தத்துவப் புத்தகம் மூன்று தொகுதியும் அவர் கடையில் கிடந்தன. நான் கொடுத்ததையும் அந்த வரிசை என்றே எண்ணிய அவர், நாலுக்கும் ஒரே கறுப்புக் காலிக்கோத் துணியில் அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தில் 'தத்துவம், தொகுதி 4' என்று அடித்து அனுப்பிவிட்டார். அன்றைக்கென்று எனக்கு லீவு. சங்கரன்கோவிலிலிருந்து அருவிக் குளியலுக்கு வந்த உறவுக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பைண்டரிடமிருந்து எது வந்தாலும் கல்லூரி முத்திரை குத்தி அலமாரியில் ஏற்ற வேண்டும் என்பது நூலகர் என்ற முறையில் நான் போட்ட சட்டம். அட்டெண்டர் உச்சிமாகாளி அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிவிட்டான்.

எங்கள் பிரின்சிபால் ஆவுடைநாயகம் அவர்களைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வாரப் பத்திரிகை என்றாலே அவருக்கு ஆகாது, தன் வீட்டு நடையை அதன் ஒரு தாள்கூடத் தாண்டியதில்லை என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லாத நாள் இல்லை. அவர்தான் போன மாதம் நூலக வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, 'நம் கல்லூரியார் இப்போது படிப்பது என்ன? ஏன்?' என்று தலைப்பும் போட்டு, ஆசிரியர் முதல் விடுதிச் சமையல்காரர் வரை ஒருவர் விடாமல் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். பலகையில் கனமாக எதையாவது எழுத வேண்டுமே என்ற கவலையில் தத்துவ ஆசிரியர் குத்தாலிங்கம் நான்காம் தொகுதியை எடுத்துப் போனார். மறுநாள் கண் சிவந்து வந்து, ஐந்தாம் தொகுதி உண்டா என்று கேட்டார். பலகையில், 'ஊழ் மனிதனை எவ்வளவு தூரம் துரத்தும் என்று அறிய' என்று எழுதினார். அடுத்து கணக்கு ஆசிரியர், பிறகு விடுதி வார்டன், அப்புறம் பி.ஏ. வகுப்பு முழுவதும். ஒருத்தர்கூட உள்ளே இருப்பது கதை என்று மூச்சுவிடவில்லை. சொன்னால் தானும் படித்தது தெரிந்துபோகுமே. விடுதிப் பையன்கள் சமையல்கட்டில் வாசித்துக் காட்டக் கேட்ட சமையல்காரர் பேச்சிமுத்துவுக்கு எழுதத் தெரியாது. "அந்தப் புள்ள கதி என்னாச்சுன்னு தெரியாம உலை வைக்க மனசு வரமாட்டேங்கு சார்வா, அப்படியே எழுதுங்க" என்றார். 'ஆன்மாவின் கதி அறிய' என்று எழுதிவிட்டேன்.

நானாவது புத்தகத்தை மீட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரே ஒரு முறை என் கைக்கு வந்தது. ஓரமெல்லாம் பென்சிலால் 'பாவி', 'இவன் உருப்படமாட்டான்', 'பெற்றவள் மனம் என்ன பாடுபடும்' என்றெல்லாம் எழுதியிருந்தது. எனக்கு எழுதும் மளிகைச் சீட்டில் கிறுக்குகிறவள், கதைக்கென்றால் இவ்வளவு அழகாக எழுதுகிறாளே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அதை வாசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் வந்து, ஊரே படிக்கும் தத்துவத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பலகையில் அவர் கையால், 'பற்றறுக்கும் வழி அறிய' என்று எழுதினார். அன்று பிடித்த பற்று, இன்றுவரை புத்தகத்தை விடவில்லை. அவர் அறைக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பிறகு, "ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கது யாரு ஞானசம்பந்தம்? நல்ல அறிவாளி. எங்கேயோ பார்த்த எழுத்தாவும் இருக்கு" என்றார். உங்கள் தங்கையின் எழுத்தை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

அத்தான், கல்லூரி முத்திரை குத்தி, சமையல்கட்டு மஞ்சள் அப்பி, பிரின்சிபால் கண்ணீரில் நனைந்த அந்தப் புத்தகத்தை அவளிடம் எந்த முகத்தோடு நீட்டுவேன்? அதுவும் கைக்கு வந்தால்தானே. ஆகையால் நீங்கள்தான் சென்னையிலிருந்து, உங்களுக்கு உடம்பு சரியில்லை, தங்கையை உடனே அனுப்பவும் என்று ஒரு தந்தி கொடுக்க வேண்டும். காய்ச்சல் கீய்ச்சல் என்று பெரிதாக வேண்டாம், அவள் பயந்துவிடுவாள். மூட்டு வலி போதும். அவள் அங்கே இருக்கும் நாட்களில் பழைய புத்தகக் கடைகளில் அந்தப் பத்திரிகைகளைத் தேடிப்பிடித்து அவளுக்குத் தெரியாமல் எனக்கு அனுப்பினால், ஏழேழு பிறவிக்கும் மறக்கமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. குற்றாலநாதர் உங்களுக்கு நல்ல உடம்பையும், தந்தி கொடுக்கிற அளவுக்கு மட்டும் ஒரு வலியையும் தரட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஞானசம்பந்தம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்து நிற்கிறாள். கல்யாண வீட்டில் சம்பந்திச் சண்டையாம், முன்னாலேயே கிளம்பிவிட்டாள். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை. பெட்டியைத் திறந்து, கோணி ஊசியால் தைத்த தன் கதையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "என்னோடது இங்கன இருக்கு. நீங்க பைண்டு பண்ணினது பிரின்சிபால் வீட்டு இராமலட்சுமி மதினியோடது. வீட்டுக்காரர் கண்ணுல பட்டா கொன்னுருவாருன்னு நம்ம வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தாவ" என்றாள். ஆகவே தந்தியை நிறுத்த வேண்டாம். தங்கைக்குப் பதில் என்னை உடனே அனுப்பச் சொல்லி, கல்லூரி விலாசத்துக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள். மூட்டு வலி போதாது.