கிட்னியைப் பிடித்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன்

என்னை ஏமாற்றுவது சுலபமில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமையும் உண்டு, அது இருக்கட்டும்). மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்கி, பிறகு தரகு பார்த்து, பிறகு சொந்தமாக லாரி வாங்கியவன் நான். அதற்கெல்லாம் ஒரே காரணம், யாரையும் நம்பாததுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் காபியைத் தொடாமல், அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பார்த்தவன் (தண்ணீர் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன்).

எங்கள் தொழில் அப்படி. உப்பு அம்பாரத்தை மேலாகப் பார்த்தால் எல்லாம் மல்லிகைப்பூ மாதிரிதான் இருக்கும். முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டும். சேறு அங்கேதான் இருக்கும். விலையைக் குறைத்துச் சொல்கிறானா? அப்படியானால் தோள் வரை விட வேண்டும்.

2005-ஆம் வருஷம். கடல் பொங்கி வந்துபோன மறு வருஷம். என் பெண் பவானி ப்ளஸ் டூவில் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். வானூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பையனை அவளுக்கு நான் மனதில் குறித்து வைத்திருந்தேன். அப்போதுதான் அவள் பாண்டிச்சேரியில் ஒரு சமுதாயக் கல்லூரியைப் பற்றிச் சொன்னாள். மார்க் பார்க்க மாட்டார்களாம், வயது பார்க்க மாட்டார்களாம். ஒரு வருஷம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் படித்தால் ஆஸ்பத்திரியில் வேலையாம்.

"ஃபீஸ் எவ்ளோ?" என்றேன்.

சொன்னாள். சேலத்துக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவருக்கு நான் கொடுக்கிற பேட்டாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு வருஷத்துக்கே அவ்வளவுதான்! எனக்கு அப்போதே தோள் வரை அரித்தது.

"இதுவும் போச்சுன்னா எனக்கு வேற வழி கெடையாதுப்பா," என்றாள் பவானி. என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. எனக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும், அடுத்த முகூர்த்தத்தில் வானூர்.

போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உனக்கு ஆபரேஷன் எதாச்சும் ஆயிருக்கா?"

"எதுக்குக் கேக்கற?"

"ஹோம்வொர்க்பா. தண்ணி நெறைய குடிக்கிறியா? ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா? உன் ப்ளட் குரூப் இன்னா?"

எனக்குக் குப்பென்று வேர்த்தது. அந்த வருஷம் எங்கள் கடற்கரைப் பக்கம் கிட்னி ஏஜென்ட்டுகள் சுற்றுகிறார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. ஃபீஸோ சல்லிசு. கேள்வியெல்லாம் இடுப்புக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது. மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கே புரிகிறதே!

பவானியின் வகுப்பு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிற நாளாகப் பார்த்து, நான் பஸ் ஏறினேன். அனுமந்தை, கூனிமேடு எல்லாம் தாண்டிப் பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை இரண்டு பக்க இடுப்பையும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்காரர், "வயித்து வலியா?" என்று எழுந்து இடம் விட்டார்.

கல்லூரி வாசலில் என்னை யாரும் 'யார் நீ?' என்று கேட்கவில்லை. சந்தேகம் நம்பர் ஒன்று. உள்ளே போனால், அது கல்லூரியா கல்யாண மண்டபமா என்று தெரியவில்லை. இடுப்பில் குழந்தையோடு தையல் வகுப்புக்குப் போகிறது ஒரு பெண். கை முழுக்க கிரீஸோடு மெக்கானிக் பையன்கள். என்னைவிட நரைத்த ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார். இத்தனை விதமான ஆளை ஒரே இடத்தில் எதற்குச் சேர்க்கிறார்கள்? எல்லா ப்ளட் குரூப்பும் ஸ்டாக் இருக்கட்டும் என்றுதான்!

"புது அட்மிஷனா அண்ணே?" என்று கேட்டது ஒரு பெண் குரல். கூனிமேட்டு ரஹமத்பீ, நாற்பது வயதிருக்கும். பேத்திக்குக் காது குத்தியாயிற்று, இப்போது படிக்க வந்திருக்கிறாள்.

"ஆமாம்மா," என்றேன், துப்பறியும் ஆளுக்கே உரிய நிதானத்தோடு.

"வாங்க வாங்க. இன்னொரு பேட்ச் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, எங்க கிளாஸ்தான் இப்ப."

உள்ளே ஒரு கட்டில். கட்டிலில் ரப்பர் விரிப்பு. மூலையில் வயிறு திறந்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. குடல் இருந்தது, ஈரல் இருந்தது. கிட்னி இருக்க வேண்டிய இடம் இரண்டும் காலி!

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். டீச்சர் வந்தார். சின்னப் பெண்.

"புதுசாங்க ஐயா? ஆபீஸ்ல பணம் கட்டிட்டீங்களா?"

"நாளைக்குக் கட்டறேன்."

"பரவால்ல, மெதுவாக் கட்டுங்க."

மெதுவாகக் கட்டுங்க என்று சொல்கிற மனுஷரை மரக்காணத்தில் நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் உறுதி.

"இன்னிக்கு எலும்பு முறிவுக்குக் கட்டு போடறது. யாராச்சும் படுங்க."

எல்லோரும் ஏற்கெனவே ஒரு முறை படுத்தாயிற்றாம். எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பியது. படுத்தேன். இவர்கள் கத்தியை எடுக்கிற நேரம் பார்த்துக் கையும் களவுமாகப் பிடிப்பது என் திட்டம். அதுவரைக்கும் இரண்டு கையும் இடுப்பில்.

"கையை எடுங்க பெரியவரே, கூச்சமா?" என்றான் சேவியர். அனுமந்தைப் பையன், கடல் பொங்கியதில் படகு போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவன். வலை இழுத்த கை. என் கையை இடுப்பிலிருந்து பிய்த்து எடுத்து, மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டான். ரஹமத்பீ காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள். இன்னொருத்தி, "தாடை உடைஞ்சிருக்குன்னு வச்சுக்குவோம் மிஸ்," என்று தாடையைத் தூக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இனி கத்தவும் வழியில்லை.

அப்போதுதான் டீச்சர் கேட்டார்: "கத்திரிக்கோல் எங்கப்பா?"

என் உயிர் எழுந்தது, கூடவே நானும் எழுந்தேன். 'ம்ம்ம்ம்!' என்று அலறிக்கொண்டு, கட்டின காலோடு சாக்கு ஓட்டம் மாதிரித் துள்ளித் துள்ளி வெளியே பாய்ந்தேன். வராந்தா வரைக்கும் சரியாகத்தான் போனேன். படிக்கட்டு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

விழுந்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. புருவம் கிழிந்து ரத்தம். தயிர்சாதக்காரர், மெக்கானிக் பையன்கள், குழந்தைக்காரி, எல்லோரும் கூடிவிட்டார்கள். ரஹமத்பீ துணியை மடித்துப் புருவத்தில் அழுத்தினாள். "ஆடாதீங்க அண்ணே, இது நெசக் கட்டு!"

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன கூட்டம் திரும்பி வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பவானி, என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். தாடை முடிச்சையும் கைக்கட்டையும் அவள்தான் அவிழ்த்தாள்.

"இன்னாப்பா இது? நீ எங்க இங்க?"

"உன்னக் கூட்டிட்டுப் போவ வந்தேன்."

"ஏன்?"

"கிட்னி..." என்றேன்.

சேவியர் டீச்சரிடம், "மிஸ், நம்ம பொம்மையோடத கேக்கறாரு போல," என்றான்.

"அது உடைஞ்சிடுச்சுங்க ஐயா. பீரோவுல இருக்கு, ஒட்டணும்," என்றார் டீச்சர், பாவம், உண்மையாகவே.

சிரிப்பு மெக்கானிக் ஷெட் வரைக்கும் போயிற்று. பவானி சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. வானூர் அவளுக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் குரல் மட்டும் என் குரல் மாதிரியே வந்தது.

"கூட்டிட்டுப் போவணுமா? சரி. எழுந்து நாலு அடி நட. இப்பவே வர்றேன்."

எழுந்தேன். ஒரு கால் கட்டையோடு, ஒரு கால் வீக்கத்தோடு. அரை அடி போயிருப்பேன், சேவியர் தாங்கிப் பிடித்தான்.

"அப்ப உக்காரு," என்றாள். உட்கார்ந்தேன். என் கணுக்காலை மடியில் வைத்துக் கட்டு போட்டாள். முடித்ததும் நான் கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் தொளதொளப்பு இல்லை, எங்கேயும் இறுக்கம் இல்லை. குறை சொல்ல எவ்வளவோ முயன்றேன், கிடைக்கவில்லை. வானூர்ப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது.

பவானி இப்போது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டையே கட்டி மேய்க்கிறாள் (என் ரத்தம், வேறெப்படி இருக்கும்?). போன வருஷம் அங்கேயே எனக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டோடு வெளியே வந்தவள், நோயாளிகள் நிறைந்த ஹாலில், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ரெண்டும் இருக்குப்பா!"

என் மனைவிக்கு இது போதாதா? அன்றிலிருந்து நான் பால் வாங்கப் போய் வந்தாலும் சரி, சேலம் போய் வந்தாலும் சரி, வாசலிலேயே மறித்துக் கேட்கிறாள்:

"ஏங்க, ரெண்டும் இருக்கா? பாத்துட்டு உள்ள வாங்க."

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். நான் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.